எங்கள் வட்டாரத்துக்கு ஒரு கதிரை

வரைபடத்தில் கோடு போடுகிறவர்களுக்குக் கால் வலிக்காது. இதை நான் ஒரு பொதுக்கூட்டத்தில் டேனிஷில், எனக்குத் தந்த மூன்று நிமிடத்துக்குள் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். சிலர் குறிப்பெடுத்தார்கள். பிறகு கோட்டைப் போட்டார்கள்.

கொப்பன்ஹேகனுக்கு மேற்கே, ரயில் பாதை நடுவால் போகிற ஒரு புறநகரில் இருக்கிறேன். பாதைக்கு வடக்கே எங்கள் மாடிக் குடியிருப்புகள். தெற்கே வில்லா என்று இங்கே சொல்லும், தோட்டம் வைத்த தனிவீடுகள், புதிய விளையாட்டு மண்டபம், பெரிய வாகனத் தரிப்பிடம். எங்கள் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம் உண்டு. அதன் உடற்பயிற்சி அறைதான் நாங்கள் இங்கே வந்த காலந்தொட்டு வாக்களிப்பு நிலையம். தேர்தல் நாளில் அந்த அறையில் பழைய சப்பாத்து மணமும் கோப்பி மணமும் சேர்ந்து அடிக்கும்.

நான்கு தேர்தல்களில் அங்கே உதவியாளராக மேசையில் இருந்திருக்கிறேன். வேலை கடினமில்லை. வருகிறவர் வாக்காளர் அட்டையை நீட்டுவார். பிறந்த திகதியைக் கேட்போம், பதிவில் பார்ப்போம், வாக்குச்சீட்டைக் கொடுப்போம். நகரசபைத் தேர்தலுக்கு அந்தச் சீட்டு ஒரு மேசைவிரிப்பு அளவுக்கு நீளமாக இருக்கும். மடிக்கத் தெரியாமல் சனம் படும் பாட்டைப் பார்த்து உள்ளுக்குள் சிரிப்போம். நான் பகலில் வயோதிபர் பராமரிப்பில் வேலை செய்கிறவள் என்றபடியால் யாருக்கு நடக்கக் கஷ்டம், யாருக்குக் கண் மங்கல் என்று மேசைக்கு வருமுன்பே தெரிந்துவிடும்.

அப்படி வருகிறவர்களில் ஒருவர் எங்கள் கட்டடத்துக் கீழ்மாடி அக்கா. பெரிய சலவைத் தொழிற்சாலையில் இருபது வருடத்துக்கு மேல் ஈரத் துணிக் கூடை தூக்கியவர். முழங்கால் இரண்டும் அங்கேயே போய்விட்டன. இப்போது ரொலேட்டர் என்று இங்கே சொல்லும் சில்லுவைத்த தாங்கியைத் தள்ளிக்கொண்டுதான் நடப்பார். டேனிஷ் பரீட்சையில் எழுத்துப் பகுதியில் மூன்றுமுறை விழுந்தார். அதனால் அவருக்கு இந்த நாட்டுக் குடியுரிமை இல்லை. பாராளுமன்றத் தேர்தலில் அவருக்கு வாக்கில்லை. நகரசபைக்கும் மாகாணசபைக்கும் மட்டும் போடலாம், அதுவும் நான்கு வருடத்துக்கு ஒருதரம். அந்த நாளுக்கென்று அவர் சீலை உடுப்பார். நவம்பர் குளிருக்கு மேலே தடித்த கோட், கீழே சப்பாத்து, நடுவில் பட்டுக்கரை தெரியும். என்னுடைய மேசைக்கு வந்து, என்னைத் தெரியாதவர் போல முகத்தை வைத்துக்கொண்டு, பிறந்த திகதியைத் தெளிவாக, ஒவ்வொரு எண்ணாகச் சொல்லுவார். சட்டம் என்றால் சட்டமாம். வரிசையில் நின்று, தன் முறை வந்து, தன் கையால் பெட்டிக்குள் போடவேண்டும். வீட்டுக்கு ஆளனுப்பி வாக்கெடுக்கும் வசதியும் இங்கே இருக்கிறது, விண்ணப்பிக்கவேண்டும். நான் ஒருமுறை சொன்னபோது, "நான் இன்னும் கட்டிலிலே விழேல்லைப் பிள்ளை" என்று என் வாயை அடைத்துவிட்டார்.

இந்த நிலைமையில்தான் நகரசபை வட்டாரங்களைத் திரும்ப வரையப்போகிறோம் என்றது. வாக்களிப்பு நிலையங்கள் அதிகமாம், உதவியாளர்கள் கிடைப்பதில்லையாம், புதிய வீடுகள் வந்து கணக்கெல்லாம் மாறிவிட்டதாம். ஒரு சிறப்புக் குழு அமைப்பார்கள். நகரசபை உறுப்பினர் ஐவர், அவர்களோடு ஒவ்வொரு வட்டாரத்திலிருந்தும் ஒரு பொதுமகன். அந்தக் குழு பரிந்துரைப்பதை நகரசபை பெரும்பாலும் கைவைக்காமல் ஏற்றுக்கொள்ளும். எங்கள் வட்டாரத்துக்கான இடத்துக்கு, பலமுறை தேர்தல் மேசையில் இருந்தவர் என்ற முறையில், என்னை வரச்சொல்லிக் கடிதம் வந்தது.

கடிதத்தைக் கட்டடம் முழுக்கக் காட்டினேன். அதை மறைக்கப் போவதில்லை. என் மகள், இங்கே பிறந்தவள், "Fedt, mor" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசிக்குள் போனாள். நல்லது அம்மா என்று அர்த்தம். அதற்கு மேல் அவளிடம் எதிர்பார்க்கக்கூடாது. கீழ்மாடி அக்கா கடிதத்தைக் கையில் வாங்கி, வாசிக்கத் தெரியாத இடங்களையும் சேர்த்து, கடைசிவரை பார்த்தார்.

"பள்ளிக்கூடத்தை மட்டும் விட்டிடாதை. அந்தக் குகைக்குள்ளால நான் போகமாட்டன்."

குகை என்று அவர் சொன்னது ரயில் பாதைக்குக் கீழால் போகும் நடைபாதையை. தெற்குப் பக்கம் நடந்து போக அதுதான் வழி. இரண்டு பக்கமும் சரிவு. மழை பெய்தால் அடியில் தண்ணீர் நிற்கும், குளிருக்கு அது உறையும். பேருந்து உண்டு, ஆனால் சுற்றிப்போய், நிலையத்தில் இறங்கி இன்னொன்று எடுக்கவேண்டும்.

நான் கூட்டத்துக்கான ஆயத்தங்களை ஒழுங்காகச் செய்தேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை அந்த வழியால் நடந்தேன். ஒருமுறை வெறுங்கையோடு, ஒருமுறை வேலைத்தளத்தில் கேட்டு வாங்கிய ஒரு ரொலேட்டரைத் தள்ளிக்கொண்டு. போகிறவர்கள் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள். எங்கள் பக்கத்தில் எந்தக் கட்டடத்தில் மின்தூக்கி இல்லை, எந்த வீட்டில் நடக்க இயலாதவர் இருக்கிறார் என்று பட்டியல் போட்டேன். எல்லாவற்றையும் ஒரு நீலக் கோப்பில் அடுக்கி, டேனிஷில் பேசவேண்டிய வசனங்களைக் குளியலறைக் கண்ணாடியின் முன் சொல்லிப் பார்த்தேன்.

ஜனவரி மாதம், பின்னேரம் ஐந்து மணிக்குக் கூட்டம். நகரசபைக் கட்டடத்தில் நீண்ட மேசை, மெழுகுதிரி, கோப்பி, இலவங்கப்பட்டை பணிஸ். சுவரில் எங்கள் ஊரின் படம் நிறம் நிறமாக. தலைவியாக இருந்த பெண்மணிக்கு என் வயது இருக்கும். குட்டைத் தலைமுடி, கைபின்னிய ஸ்வெட்டர், நேராகக் கண்ணைப் பார்த்துக் கதைக்கிறவர். முதல் வேலை குழுவை அமைப்பது என்றார். வட்டாரம் வட்டாரமாகக் கேட்டுக்கொண்டு வந்தார். ஒருவர் "ஓம், சந்தோஷம்" என்றார், எழுதினார். இன்னொருவர் "விருப்பம்தான்" என்றார், எழுதினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"வடக்கு வட்டாரத்துக்கு நீ இருக்க விரும்புகிறாயா?"

நீலக் கோப்பு மடியில். வசனமெல்லாம் வாயில். நான் சொன்னது இதுதான்:

"என்னைவிடப் பொருத்தமான ஆட்கள் இருப்பார்கள்."

ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்காதீர்கள். உங்களில் பாதிப்பேருக்கு அது தெரியும். எங்கள் வீட்டில் யாராவது சோறு போட வந்தால் முதல் தடவை "போதும்" என்போம். அந்தப் "போதும்" என்ற சொல்லை யாரும் நம்புவதில்லை. நம்பினால் அது மரியாதைக் குறைவு. இரண்டாம் தடவை கேட்கும்போது கையை இலைக்கு மேலே பிடிப்போம். மூன்றாம் தடவை, சரி, கொஞ்சம். கோயில் நிர்வாகசபைக்கு ஆள் தெரிவுசெய்யும்போதும் இதே கூத்துத்தான். தலைவராக வரத் துடிக்கிறவர் எழும்பி, எனக்கு ஏன், எனக்கு நேரமில்லை, வேறு யாரையாவது போடுங்கள் என்பார். நாலு பேர் கெஞ்சவேண்டும். கேட்டவுடன் சரி என்றவனைப் பார்த்து, ஆளுக்கு ஆசையைப் பார் என்று வாசலில் செருப்புப் போடும்போது கதைப்பார்கள். கேட்டதும் கதிரையில் தாவி ஏறாததைத்தான் எங்களுக்கு நல்ல வளர்ப்பு என்று சொல்லித் தந்தார்கள்.

தலைவி "சரி, நன்றி" என்றார். ஏதோ எழுதினார். பிறகு மேசையைச் சுற்றிப் பார்த்து, வடக்கு வட்டாரத்திலிருந்து வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்.

ஓய்வுபெற்ற பொறியியலாளர் ஒருவர் கை தூக்கினார். அவர் வீடு தோட்ட வீடுகளின் வரிசையில் இருந்தது. பழைய கோடு ஓர் இடத்தில் ரயில் பாதையைத் தாண்டி வளைந்து அந்தத் தெருவையும் எங்கள் வட்டாரத்துக்குள் இழுத்திருந்தது. அவருக்கு வரைபடங்களில் ஆர்வமாம், நேரமும் இருக்கிறதாம். எழுதினார்கள். அடுத்த வட்டாரம்.

எல்லாம் அரை நிமிடம். நான் இரண்டாவது கேள்விக்காக முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டு இருந்தேன். புன்னகையைக்கூட எடுத்து வைத்திருந்தேன். குழுப் பட்டியலை வாசித்து முடித்து, எல்லோரும் கைதட்டினபோதுதான் எனக்கு உறைத்தது. நானும் கைதட்டினேன். அந்தக் கையை வெட்டிப்போடலாம்.

சரியாகத் தெரிந்துகொண்டு செய்த மடத்தனம் என்பதுதான் எனக்கு வயிறு எரிகிற விஷயம். முப்பது வருடமாக இந்தச் சனத்தோடு இருக்கிறேன். வேலையில் ஒரு டேனிஷ் கிழவரிடம் கோப்பி வேண்டுமா என்று கேட்டு, வேண்டாம் என்றால் கோப்பிச் சாடியை எடுத்துக்கொண்டு போய்விடுவேன். இரண்டாம் தரம் கேட்டால் அவருக்குக் கோபம் வரும், நான் சொன்னது காதில் விழவில்லையா என்பார். புதிதாக வேலைக்கு வரும் எங்கள் பிள்ளைகளுக்கு நானே இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அந்த நான், நல்ல சட்டை போட்டு, மெழுகுதிரிக்கு முன்னால் உட்கார்ந்தவுடன் கல்யாண வீட்டுப் பந்தியில் இருக்கிறவளாகிவிட்டேன்.

தலைவியிலும் கோபம் வந்தது. கடிதம் போட்டு அழைத்தது நீ. கோப்பு மடியில் இருப்பது தெரிகிறது. ஒருத்தி இரண்டு பேருந்து மாறி, பணிஸ் தின்னவா ஜனவரிக் குளிரில் வருவாள்? இன்னொருமுறை கேட்டால் உன் வாயில் இருந்து முத்து உதிர்ந்துவிடுமா? அவர்கள் இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். மற்றவரின் முடிவை மதிப்பதாம். நல்ல வசதியான மதிப்பு, ஒரு கேள்வி மிச்சம்.

கட்டடத்துக்கு வந்தபோது வாசலில் கீழ்மாடி அக்காவும் இன்னும் இரண்டு பேரும் நின்றார்கள். என்ன நடந்தது என்று கேட்டார்கள். நான் சப்பாத்தைத் தட்டிக்கொண்டே சொன்னேன்:

"எங்களுக்குத் தரேல்லை. வில்லாக்காரருக்குக் குடுத்திட்டாங்கள்."

பொய். முழுப்பொய்கூட இல்லை, அதனால்தான் அது நன்றாக ஓடியது. அடுத்த வாரத்துக்குள் புரொண்பியில் இருக்கும் என் தங்கை வரைக்கும் கதை போய்விட்டது. கறுத்த தலையைக் கண்டால் இவங்கள் எப்பவும் இப்படித்தான் என்று ஆளுக்கு ஆள் தங்களுடைய பழைய காயங்களையும் சேர்த்து எனக்கு ஆறுதல் சொன்னார்கள். நானும் கேட்டுக்கொண்டேன். கோபம் ஒரு பக்கம் திரும்பி நின்றால் வாழ்க்கை எவ்வளவு சுகம் என்று அந்த மாதத்தில் கண்டேன்.

ஆனாலும் சும்மா இருக்கவில்லை. தலைவிக்குத் தொலைபேசி எடுத்தேன். நான் சொன்னது வேண்டாம் என்ற அர்த்தத்தில் இல்லை என்று விளங்கப்படுத்தினேன். அவர் மிகவும் அன்பாகக் கேட்டார். அந்த அன்பைத்தான் தாங்க முடியவில்லை. குழு அமைந்துவிட்டது, கூட்டக்குறிப்பும் இணையத்தில் போட்டாயிற்று, வேண்டுமானால் பொதுமக்கள் கருத்துக் கேட்கும் கூட்டத்தில் பேசலாம் என்றார். கூட்டக்குறிப்பைப் போய்ப் பார்த்தேன். வடக்கு வட்டாரத்திலிருந்து அழைக்கப்பட்டவர் இடத்தை ஏற்க விரும்பவில்லை என்று ஒரு வரி. பெயர் இல்லை. மறைப்பதற்கு அது போதும் என்று நினைத்தேன். வேறு யார் இந்தக் குறிப்பையெல்லாம் வாசிக்கப் போகிறார்கள்?

கருத்துக் கூட்டத்தில் மூன்று நிமிடம் பேசினேன். கால் வலியைப் பற்றிச் சொன்னது அங்கேதான். பொறியியலாளர் எழும்பி என்னைப் பாராட்டினார். கெட்ட மனிதர் இல்லை. கெட்டவராக இருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சரிவுகளின் சாய்வு விதிமுறைக்கு உட்பட்டது என்று அளந்து பார்த்ததாகச் சொன்னார். வரைபடத்தில் அளந்திருக்கிறார். அந்தக் குகைக்குள்ளால் அவர் காரில் போகமுடியாது, கால்நடையாய்ப் போக அவருக்குத் தேவையும் வந்ததில்லை. கூட்டம் முடிந்த பிறகு என் நீலக் கோப்பைக் கேட்டு வாங்கினார். திருப்பித் தரவேயில்லை.

கோடைவிடுமுறைக்கு முன் நகரசபை முடிவெடுத்தது. எங்கள் வட்டாரமும் தெற்கு வட்டாரமும் ஒன்று. வாக்களிப்பு விளையாட்டு மண்டபத்தில். பள்ளிக்கூடத்து அறைக்கு இனி அந்த நாளிலும் உடற்பயிற்சிதான்.

நவம்பர் வந்தது. என்னைப் புதிய மண்டபத்தில் உதவியாளராகப் போட்டார்கள். காலை ஏழு மணியிலிருந்து இரவு வரை அசைய முடியாத வேலை. தேர்தலுக்கு முதல்நாள் வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் அக்காவின் கதவைத் தட்டினேன். வாடகைக் கார் ஒழுங்கு செய்யட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம் பிள்ளை, உனக்கேன் கரைச்சல். நான் பஸ்ஸிலே வருவன்."

சரி அக்கா என்று சொல்லிவிட்டு ஓடினேன். பேருந்துக்கு நான்கு நிமிடம்தான் இருந்தது.

மறுநாள் முழுக்க அந்த மண்டபத்தில் இருந்தேன். வெளிச்சமான, அகலமான, நல்ல மண்டபம், பொய் சொல்லக்கூடாது. தோட்ட வீட்டுக்காரர் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். எங்கள் கட்டடங்களிலிருந்து இளம் ஆட்கள் வந்தார்கள், சைக்கிளில். ரொலேட்டர்களைத் தேடித் தேடிக் கண் பூத்தது. மதியத்துக்குப் பிறகு ஒவ்வொருமுறை கதவு திறக்கும்போதும் பட்டுக்கரை தெரிகிறதா என்று பார்த்தேன். எட்டு மணிக்குக் கதவைச் சாத்தினார்கள். அக்கா வரவில்லை.

அடுத்தநாள் பின்னேரம் போனேன். வாசலில் ரொலேட்டர் நின்றது. சில்லில் சேறு காய்ந்திருந்தது. அக்கா சோபாவில் கால் நீட்டி, முழங்காலில் துணி சுற்றியிருந்தார். பேருந்து நிலையத்தில் மாற வேண்டிய மற்றப் பேருந்து ரொலேட்டர் வைக்க இடமில்லாமல் நிறைந்து வந்ததாம், இரண்டுமுறை. அடுத்ததுக்குக் குளிரில் நிற்க இயலாமல் நடந்து பார்க்கலாமென்று குகைப்பக்கம் போயிருக்கிறார். சரிவில் பாதி இறங்க முழங்கால் மறுத்துவிட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, யாரோ ஒரு பொடியன் வந்து பிடித்து மேலே ஏற்றிவிட, திரும்பி வந்துவிட்டார். சீலையின் கீழ்க்கரை முழுக்கச் சேறு. அதைத் தோய்த்துக் கதிரையில் காயப்போட்டிருந்தார்.

"பரவாயில்லை, விடு. என்ர ஒரு வாக்காலே என்ன வந்திடப் போகுது."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. பத்து மாதமாக அடக்கி வைத்த எல்லாம் அந்தச் சின்ன அறையில் வெளியே விழுந்தது. கத்தினேன் என்றே சொல்லவேண்டும். இந்தப் பரவாயில்லையாலேதான் நாங்கள் நாசமாய்ப் போகிறோம் என்றேன். வாடகைக் கார் கேட்டபோது ஓம் என்று ஒரு சொல் சொன்னால் வாய் தேய்ந்துவிடுமா என்றேன். தலைவியைத் திட்டினேன், பொறியியலாளரைத் திட்டினேன். எங்களுக்கு வரவேண்டிய கதிரையைப் பிடுங்கி வில்லாக்காரனுக்குக் கொடுத்தவங்கள் நன்றாயிருப்பார்களா என்று கேட்டேன். அவரைவிட வயதில் இளையவள் நான், அவரிடம் ஒருநாளும் குரல் உயர்த்தாதவள்.

அக்கா நான் முடிக்குமட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முழங்கால் துணியை இறுக்கிக் கட்டினார். அவர் குரல் உயரவில்லை.

"நீதான் வேண்டாமெண்டு சொன்னனீ எண்டு எனக்கு மாசியிலேயே தெரியும். என்ர மகன் அந்தக் கூட்டக்குறிப்பைக் கம்பியூட்டரிலே வாசிச்சுக் காட்டினவன்."

மாசியிலிருந்து நவம்பர்வரை. அதற்கிடையில் அந்த வீட்டில் நான் எத்தனை தேத்தண்ணீர் குடித்திருப்பேன். அத்தனை தடவையும் வில்லாக்காரர் கதையைச் சொன்னேன். அவரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். என் முகம் விழக்கூடாது என்று.

"ஆக்கள் முன்னுக்கு உன்னைக் கேக்கக்கூடாதெண்டு விட்டன். இப்ப கேக்கிறன். அது உன்ர கதிரை இல்லைப் பிள்ளை, எங்கட கதிரை. ஆரைக் கேட்டு நீ அதை விட்டுக்குடுத்தனீ?"

நான் வாயைத் திறந்தேன். பத்து மாதமாக நான் பேர் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தவர்களில் ஒருவரும் அந்த நேரம் எனக்கு உதவிக்கு வரவில்லை. அக்கா இன்னொருமுறை கேட்கவும் இல்லை.